நடுக்கடல் பயனாளிகள்

என் தம்பி மகன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை, ஒரு நல்ல காரியத்தை யாரையும் கேட்காமல் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்ததுதான். அப்படிச் செய்யக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்போது தெரியாது.

வீட்டில் அவனுக்குப் புள்ளி என்று பெயர். சின்ன வயதில் எந்தத் தாளைக் கண்டாலும் ஒரு புள்ளி வைத்து "இது நம்ம வீடு" என்பான். இன்னொரு புள்ளி வைத்து "இது பல் டாக்டர் வீடு, இந்தப் பக்கம் போக வேணாம்" என்பான். வளர்ந்த பிறகும் அதையேதான் கம்ப்யூட்டரில் செய்தான். தெரு, சந்து, பாலம், ஒருவழிப்பாதை எல்லாவற்றையும் காட்டி, எங்கிருந்து எங்கே எப்படிப் போவது என்று சொல்லும் மேப் மென்பொருள் ஒன்றை அவனும், அவன் நேரில் பார்த்தே இராத நண்பர்கள் சிலரும் சேர்ந்து எழுதினார்கள். காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரல் முழுவதும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்த சர்வர் அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அது எப்போதும் கதகதவென்று இருந்ததால் அவன் மனைவி அதன்மேல் குழந்தையின் காலுறைகளைக் காயப்போடுவாள். கூரியர்காரர்கள், தண்ணீர் லாரிக்காரர்கள், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை என்று பாதி ஜனம் அந்தக் காலுறைகளின் தயவில்தான் வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் சர்வரின் மின்விசிறி நின்றுபோனது. அதற்கு ஒரு புது விசிறி வேண்டும் என்று புள்ளி இணையத்தில் நாலு வரி எழுதினான். விசிறி வரவில்லை. ஆலோசகர் வந்தார்.

ஆலோசகரின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்காவது ஒரு வேலை நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்குப் பொறுக்காது. கிளம்பிப் போய், உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு அமைப்பு இல்லையா?" என்று கேட்பார். வயசுப் பையனைப் பார்த்து "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்கும் அதே குரல். கேட்கப்பட்டவனுக்குத் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாகத் தோன்றிவிடும்.

"நீங்க நாளைக்கு பஸ்ல அடிபட்டுட்டா இந்த மென்பொருளை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

"நான் பஸ்ல போறதில்லையே சார். சைக்கிள்தான்."

"பார்த்தீங்களா? இன்னும் ஆபத்து."

இப்படித்தான் லாப நோக்கற்ற அறக்கட்டளை பிறந்தது. திறந்த மூல மேப் மென்பொருளைப் பேணிக் காத்து வளர்ப்பது அதன் நோக்கம். முதல் கூட்டம் ஒரு ஓட்டலின் மாநாட்டு அறையில் நடந்தது. குளிர் தாங்காமல் எல்லோரும் நோக்கத்தை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். நிர்வாகக் குழுவில் சாமானியர் பிரதிநிதி ஒருவர் இருந்தால் நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும் என்றார் ஆலோசகர். வேலைவெட்டி இல்லாத சாமானியராக இருந்தால் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவார் என்றும் சொன்னார். இரண்டு தகுதியும் எனக்கு இருந்தன. புள்ளி என்னைச் சேர்த்துவிட்டான். அதனால் இனி நான் சொல்வதெல்லாம் நானே கண்ணால் பார்த்தது, பிஸ்கட் மென்றுகொண்டே பார்த்தது.

தலைவராக ஒரு பெரிய மனிதரைப் பிடித்தார்கள். ஓய்வுபெறுவதற்கு முன் ஏதோ ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். அதற்கு முன்னும் அப்படித்தான். பதவியேற்புரையில் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. மேப் பார்க்கவும் தெரியாது. என் டிரைவர்தான் பார்ப்பார். அதனாலதான் இந்தப் பொறுப்பை என்னால நடுநிலையோட செய்ய முடியும். விஷயம் தெரிஞ்சவங்க வந்தா விஷயத்துப் பக்கம் சாஞ்சுடுவாங்க."

கைதட்டல். புள்ளியும் தட்டினான். பெரியவர்கள் பேசினால் தட்ட வேண்டும் என்றுதான் அவனை வளர்த்திருந்தோம்.

அதன்பின் வேலை தொடங்கியது. அறக்கட்டளையின் சின்னத்தில் உலக உருண்டை இடப்பக்கம் சாய்வதா வலப்பக்கம் சாய்வதா என்று பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் யார் மனமும் புண்படாமல் உருண்டையைத் தட்டையாக்கினார்கள். விழுமியங்களை வகுக்க ஒரு குழு, அந்தக் குழுவின் விழுமியங்களைக் கண்காணிக்க இன்னொன்று. மென்பொருளைப் பயன்படுத்துகிற எல்லோரும் உறுப்பினர்கள் என்றும், மேப்பில் அவர்கள் தெரிகிற இடத்தை வைத்து அவர்களை வட்டாரங்களாகப் பிரிப்பது என்றும் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அறக்கட்டளையின் வட்ட முத்திரை குத்த வேண்டும், முத்திரை இல்லாததைப் பொது அலுவலகங்கள் ஏற்கக் கூடாது என்று எல்லா அலுவலகங்களுக்கும் எழுதினார்கள். அலுவலகங்களுக்கு முத்திரை என்றால் உயிர். எல்லாம் ஏற்றுக்கொண்டன.

புள்ளிக்கு 'பாரம்பரிய நிறுவனர்' என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்தோடு ஒரு நாற்காலி உண்டு, மேஜை கிடையாது. இனி நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் மாற்றக் குழுவிடம் அவன் விண்ணப்பிக்க வேண்டும்.

"விசிறி என்னாச்சு சார்?" என்று ஒருநாள் கேட்டான்.

"உள்கட்டமைப்பு மூணாவது கட்டத்துல வருது" என்றார் பொருளாளர்.

அவன் மனைவி ஒரு பழைய அட்டையை வைத்துச் சர்வருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். காலுறை இப்போது சீக்கிரம் காய்ந்தது. அதை ஒரு வளர்ச்சியாக அறிக்கையில் போடலாமா என்று ஆலோசகர் யோசித்தார்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா என்றால் புள்ளியின் அக்கா, என் தம்பியின் மூத்த மகள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுப்பவள். எங்கள் குடும்பத்தில் குரலை உயர்த்தாமலே எல்லோரையும் நடுங்க வைக்கக்கூடியவள்.

"டேய் புள்ளி, என் வண்டி எதுக்குடா பீச்சுல நிக்குது?"

"பீச்சுலயா?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு வண்டி. ரெண்டு டிரைவரும் கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கேட்டா, 'நேராகச் செல்லவும்'னு மேப் சொல்லுதாம். கொஞ்சம் தண்ணி வடியட்டும்னு பார்க்கிறாங்களாம்."

நடந்தது இதுதான். பிரசவ வலி வந்த ஒரு பெண்ணுக்காக அவள் கணவன் அழைத்திருக்கிறான். அவன் போனிலிருந்து இருக்குமிடம் வரவில்லை. இடம் தெரியாவிட்டால் மென்பொருள் பேசாமல் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று போட்டுக்கொண்டது. அட்சரேகை பூஜ்ஜியம், தீர்க்கரேகை பூஜ்ஜியம். பூமியில் அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது, நடுக்கடலில். முதல் வண்டியும், அது போய்ச் சேரவில்லை என்று அனுப்பிய இரண்டாவதும் தம்மால் முடிந்தவரை அதை நோக்கிப் போய்க் கரையில் நின்றுவிட்டன. கட்டுப்பாட்டு அறைத் திரையில் 'வண்டி கிளம்பிவிட்டது' என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணை வழியில் வந்த மெத்தைக் கடை வண்டியில் ஏற்றினார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தையில் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம், மெத்தைக்காரர்தான் கொஞ்சம் கலங்கிப்போனார்.

"இந்தத் தடவை மெத்தை வண்டி வந்துச்சு. அடுத்த தடவை செங்கல் லாரி வந்தா என்னடா பண்ணுவ?" என்றாள் அக்கா.

புள்ளி அப்போதே உட்கார்ந்தான். அவனுக்கு வைத்த காபி ஆறுவதற்குள் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டான். ஒரே ஒரு வரி. இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் எங்கேயும் போகாதே, 'இடம் தெரியவில்லை, உடனே திரும்ப அழைத்துக் கேள்' என்று சிவப்பு விளக்கைப் போடு. அவ்வளவுதான். முன்பு மாதிரி இருந்தால் அந்தக் காபியைக் குடிப்பதற்குள் அது வெளியாகி ஊரெல்லாம் போயிருக்கும். இப்போது முத்திரை வேண்டும். அவன் மாற்றக் குழுவுக்கு விண்ணப்பித்தான்.

மாற்றக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். அன்றைக்கு முந்திரி பிஸ்கட்.

ஆலோசகர் திரையில் உலக மேப்பைக் காட்டினார். உறுப்பினர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. நடுக்கடலில் ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் எறும்பு மொய்த்தமாதிரி குவிந்து கிடந்தன.

"நம்ம உறுப்பினர்கள்ல பெரும்பான்மை இந்தத் தீவுலதான் இருக்காங்க" என்றார் ஆலோசகர், குரல் தழுதழுக்க. "நாம இத்தனை நாள் கவனிக்கவே இல்லை."

"சார், அது தீவு இல்ல" என்றான் புள்ளி. "அதுதான் நான் சொல்ல வந்த பிழை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிழையா? தம்பி, இவ்வளவு பேர் எப்படிப்பா பிழையா இருக்க முடியும்?"

"அவங்க அங்க இல்ல சார். இருக்கிற இடத்தைச் சொல்லாம விட்டவங்க. மென்பொருள் அவங்களை எல்லாம் ஒண்ணாக் கொண்டுபோய்ப் பூஜ்ஜியத்துல போட்டுடுது. அங்க வெறும் தண்ணிதான்."

"வெறும் தண்ணியிலயா வாழ்றாங்க?" என்றார் பொருளாளர், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"வாழல சார்!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். அதெல்லாம் ஒரு வாழ்க்கையா?"

ஆலோசகர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். தீவைப் பெரிதாக்கிக் காட்டினார். விலாசம் சரியாகப் போடாத கடைகள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பெட்ரோல் பங்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே குவிந்திருந்தன. இத்தனை பெட்ரோல் பங்குகள் இருந்தும் அந்த மக்கள் முன்னேறாததற்கு நம் அலட்சியமே காரணம் என்றார்.

அப்புறம் புள்ளியின் விண்ணப்பம் வந்தது. 'இம்மாற்றத்தால் பாதிக்கப்படுவோர்' என்ற இடத்தில் அறக்கட்டளையின் அலுவலர் 'தீவுவாசிகள் அனைவரும்' என்று நிரப்பியிருந்தார். அறையில் பிஸ்கட் மெல்லும் சத்தமும் நின்றது.

"ஒரே வரியில ஒரு சமூகத்தையே துடைச்சுப் போடலாம்னு பார்க்கிறீங்களா?" என்றார் தலைவர்.

"சார், ஆம்புலன்ஸ் பீச்சுக்குப் போகுது சார்."

"அது போக்குவரத்துப் பிரச்சினை."

சாமானியர் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன். "ஒரு பொண்ணுக்கு மெத்தை வண்டியில பிரசவம் ஆயிருக்குங்க."

"குழந்தை நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப மென்பொருள் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த சில மாதங்களில் அறக்கட்டளை கண்ட வளர்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. 'தீவு மக்கள் மேம்பாட்டுத் திட்டம்' என்றதும் நன்கொடை கொட்டியது. மேப் மென்பொருளுக்கு விசிறி வாங்கித் தர ஒருவரும் இல்லை. இல்லாத தீவுக்கு எல்லோரும் இருந்தார்கள். தீவுக்கென்று ஒரு வட்டார இயக்குநரை நியமித்தார்கள். அவர் ஏசி அறையில் உட்கார்ந்து, தீவில் நெட்வொர்க் சரியில்லை என்று வாராவாரம் எழுதிவந்தார். மற்ற எல்லா ஊர்களிலும் சண்டை சச்சரவு இருக்க, தீவிலிருந்து மட்டும் ஒரு புகாரும் வராததால் சிறந்த இயக்குநர் விருதும் அவருக்கே போனது.

புள்ளி விடவில்லை. பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு செய்தான். வட்டாரவாரியாக வாக்கெடுப்பு. பெரும்பான்மை தீவிடம் இருந்தது. தீவின் பெயரை அழைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. தலைவர் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "தீவு எதிர்க்கிறது" என்றார்.

"சார், போன மாசம் உங்களை மறுபடி தலைவராக்கினப்பவும் தீவுலேருந்து ஒருத்தரும் பேசலயே" என்றான் புள்ளி. "அதை ஆதரவுன்னு எழுதினீங்களே?"

"அன்னைக்கு அவங்க சந்தோஷத்துல பேசல. இன்னைக்கு வேதனையில பேசல. மக்களோட மௌனத்தைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும் தம்பி. அதுக்குத்தான் அனுபவம்னு பேரு."

தீவு விரோதப் போக்குக்காகப் புள்ளியை நாகரிகமாக வெளியேற்றினார்கள். அவனது சேவையைப் பாராட்டி ஒரு கேடயம் அனுப்பப்பட்டது. அறக்கட்டளை முத்திரை பெற்ற மென்பொருளை வைத்துத்தான் கூரியர் போனது, அதில் விலாசம் போட யாரோ மறந்துவிட்டார்கள். கேடயம் இன்னும் வந்து சேரவில்லை.

அதுவரை அக்கா தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தாள். பச்சை விளக்கை நம்பாமல், ஒவ்வொருவரையும் "எந்தத் தெரு, எந்த வீடு, எதிர்ல என்ன இருக்கு" என்று இரண்டு முறை கேட்டாள். ஆனால் அறையில் அக்கா ஒருத்திதானா இருக்கிறாள்? அவளுக்கு அடுத்த இருக்கையில் புதிதாக வந்த ஒரு பெண். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவருக்குக் கடையிலேயே நெஞ்சுவலி. கடைக்கு வந்தவர் யாரோ பதற்றத்தில் அழைத்து "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரையில் பச்சை எரிந்தது. பச்சை எரிந்தால் அடுத்த அழைப்புக்குப் போகலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் போனாள். விஷயம் தெரிந்து அக்கா கடையைத் தேடிப் பிடித்து, வண்டியைக் கடற்கரையிலிருந்து திருப்பி அனுப்பியபோது, வண்டிக்கு வேலை இருந்தது. அவசரம் இருக்கவில்லை.

அந்த அழைப்பும் தீவின் கணக்கில் சேர்ந்தது. தீவுவாசிகளிடையே சுகாதாரச் சேவையின் பயன்பாடு உயர்ந்துவருவதாக அந்த மாத அறிக்கையில் போட்டிருந்தார்கள். அம்பு மேல்நோக்கி இருந்தது, பச்சை நிறத்தில்.

வேலை முடிந்த கையோடு அக்கா புள்ளியின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இன்னும் என்னடா பண்ணிக்கிட்டு இருக்க?"

"சீராய்வு மனு எழுதுறேன்க்கா. தலைவர் மனசு வச்சா..."

"இதை எழுதினது யாரு? தலைவரா?"

"நான்தான்."

"யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா மாத்திக்கலாம்னு அதுல எழுதி வச்சது?"

"அதுவும் நான்தான்."

"அந்த 'யார் வேணா'வுல நீ வர மாட்டியாடா?"

தன் மென்பொருளை இத்தனை பேருக்குத் திறந்துவிட்டவனுக்கு, தானும் அந்த வாசல் வழியாகப் போகலாம் என்று தோன்றவே இல்லை. அத்தனை கூட்டங்களில் உட்கார்ந்தவன் மூளை அப்படித்தான் ஆகும். என்னுடையது பிஸ்கட்டால் தப்பித்தது.

"முத்திரை இல்லாம உங்க ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்களேக்கா" என்றான்.

"அதை நான் பார்த்துக்கிறேன். நீ எழுது."

அவன் முழுவதையும் பிரதி எடுத்து, அந்த ஒரு வரியைச் சேர்த்து, வேறொரு பெயர் வைத்தான். 'காலுறை' என்று வைத்தான், நன்றிக்காக. நானும் அக்காவும் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரிடம் போனோம்.

"என்னங்க எழுதணும்?" என்றார் அவர்.

"ஏதாவது எழுதுங்க. வட்டமா இருக்கணும்" என்றாள் அக்கா.

அவர் தன் கடைப் பெயரையே சுற்றி எழுதி, நடுவில் ஒரு பூவும் போட்டுக் கொடுத்தார். கட்டுப்பாட்டு அறையின் மேலதிகாரி அந்த முத்திரையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நேரம் ஆராய்ந்தார்.

"வட்டமாத்தானே இருக்கு" என்றார். "போட்டுக்கோங்க."

அன்றிலிருந்து இடம் தெரியாத அழைப்புக்குச் சிவப்பு எரிந்தது. வண்டிகள் கடலை மறந்தன. கூரியர்காரர்கள் மாறினார்கள், தண்ணீர் லாரிக்காரர்கள் மாறினார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் காலுறைக்கு வந்துவிட்டார்கள். பழைய மென்பொருளை வைத்திருந்தது அறக்கட்டளையின் அலுவலகம் மட்டும்தான். அங்கே இருந்தவர்கள் யாரும் தங்கள் இடத்தைப் பதிவு செய்திருக்கவில்லை.

எனவே ஆண்டறிக்கையில் ஆலோசகர் பெருமிதத்தோடு அறிவித்தார். "இன்றைக்கு நம் உறுப்பினர்களில் நூற்றுக்கு நூறு பேரும் தீவுவாசிகளே!"

நன்கொடையாளர்கள் பூரித்துப்போனார்கள். ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தார்கள். பயனாளிகளோடு தலைவர் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும்.

அறக்கட்டளையிலிருந்து என்னை நீக்க எல்லோரும் மறந்திருந்தார்கள். பயணத்துக்கு அழைப்பு வந்தது, சாப்பாடு இலவசம். போனேன். தீவு கிடையாது என்று கரையில் வைத்தே சொன்னேன். சாமானியரின் நகைச்சுவை என்று எல்லோரும் ரசித்தார்கள்.

கப்பல் கேப்டன் புகைபிடித்துப் பழுத்த மனிதர். டீசல் கணக்கைப் பார்த்துவிட்டுப் பொருளாளரிடம் கேட்டார். "சார், இது போறதுக்கு மட்டும்தானே சரியா இருக்கு? வர்றதுக்கு?"

"வரும்போது அங்கேயே போட்டுக்கலாம்" என்றார் பொருளாளர். "இங்கேருந்து எதுக்கு வீணாச் சுமக்கணும்? பாருங்க, மேப்புல பங்க் எப்படி வரிசையா இருக்கு."

"நான் இத்தனை வருஷம் போற கடல்ல பங்க் பார்த்ததில்லயே."

"நீங்க பழைய மேப் பார்த்திருப்பீங்க" என்றார் ஆலோசகர்.

முன்பணத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்ட கேப்டன் கப்பலைக் கிளப்பினார்.

போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். வட்டார இயக்குநர் தன் வட்டாரத்தை முதன்முறையாகப் பார்க்கப் போகும் பதற்றத்தில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவரின் கையிலிருந்த போன், "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது.

சுற்றிலும் தண்ணீர். நடுவில் ஒரு மிதவை, வானிலைக்காரர்கள் யாரோ கட்டி விட்டது. உச்சியில் ஒரு பறவை.

நான் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்குத் தன் அறியாமை தெரியவரும் அந்தக் கணத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எதிர்பார்த்ததைவிட மோசமான நிலையில இருக்காங்க" என்றார்.

பேனரைக் கட்டினார்கள். மிதவையில் ரிப்பன் சுற்றி, தலைவர் வெட்டினார். அப்புறம் மிதவையைப் பார்த்து உரையாற்றினார். "நாங்க உங்களை மறக்கல. உங்களுக்கு எது நல்லதுன்னு உங்களைக் கேட்காமலே தெரிஞ்சுக்கிட்டோம்." அலை வந்தது, மிதவை தலையை ஆட்டியது. இவ்வளவு ஒத்துழைக்கிற உறுப்பினரை இதுவரை பார்த்ததில்லை என்று அந்த இடத்திலேயே மிதவையை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். என் பக்கத்து நாற்காலி அதற்கு. போட்டோ எடுத்தார்கள். பறவை தன் கருத்தைப் பொருளாளரின் தோளில் தெரிவித்துவிட்டுப் பறந்துபோனது.

"கிளம்பலாமா?" என்றார் தலைவர்.

"பங்க் எங்க இருக்குன்னு காட்டினா கிளம்பலாம்" என்றார் கேப்டன்.

அப்போதுதான் அறக்கட்டளை வரலாற்றில் முதன்முறையாக எல்லோரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

கப்பலில் சாட்டிலைட் போன் இருந்தது. அவசர எண்ணை அழுத்தினார்கள். மணி அடித்து, எடுக்கப்பட்டு, எனக்குத் தெரிந்த ஒரு குரல் கேட்டது.

"அவசர உதவி. எங்க இருக்கீங்க?"

"அம்மா, நாங்க தீவுல மாட்டிக்கிட்டோம்!" என்றார் தலைவர்.

"எந்தத் தீவு?"

"எங்க தீவும்மா! அறக்கட்டளைத் தீவு!"

"அப்படி ஒரு தீவு இல்லைங்களே. இடம் சரியாச் சொல்லுங்க."

கேப்டன் போனைப் பிடுங்கினார். "எழுதிக்கோங்கம்மா. அட்சரேகை பூஜ்ஜியம். தீர்க்கரேகை பூஜ்ஜியம்."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "சார், 'இடம் தெரியவில்லை, மறுபடி கேள்'னு சிவப்பு எரியுது. பதறாம சொல்லுங்க. பக்கத்துல ஏதாவது கடை, ஸ்கூல், பெட்ரோல் பங்க் தெரியுதா?"

பெட்ரோல் பங்க் என்றதும் பொருளாளர் அழத் தொடங்கினார்.

நான் போனை வாங்கினேன். "நான்தாம்மா, பெரியப்பா."

"பெரியப்பா, நீங்க அந்தக் கூட்டத்தோடயா போனீங்க?"

"சாப்பாடு இலவசம்னாங்க."

"யார் யார் இருக்கீங்க?"

சொன்னேன். ஒவ்வொருவராக அவள் தட்டச்சு செய்வது கேட்டது. அக்கா எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிகாரக் கடையை நானும் நினைத்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய பெயர், பதவி, பழைய பதவி எல்லாவற்றையும் போனுக்குக் கேட்கும்படி சொல்லிப் பார்த்தார்.

"பதவியெல்லாம் வேணாம் சார்" என்றாள் அக்கா. "இடம் தெரியாதவங்க யாரா இருந்தாலும் திரும்பக் கேட்கிறதுதான் எங்க வேலை. லைன்லயே இருங்க."

இன்னொரு போனில் புள்ளியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அவன் குரல் தூரத்தில் கேட்டது. "பூஜ்ஜியம் பூஜ்ஜியம்னா அது பிழைக்கா... இரு, இரு. நிஜமாவே அங்க போயிட்டாங்களா?" பிறகு, "உலகத்துல இந்த ஒரு தடவைதான் அது சரியான விலாசம். கையால போட்டு அனுப்பு."

மீட்புக் கப்பல் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. போர்வை கொடுத்தார்கள், சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். தலைவர் ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்ததை அறிக்கையாக எழுதும்படி ஆலோசகரிடம் சொன்னார். கரை தெரிவதற்குள் அது தயாராகிவிட்டது.

போன வாரம் அச்சாகி வந்திருக்கிறது, வழவழப்பான தாளில். அட்டையில் மிதவையோடு தலைவர். உள்ளே, நேரடிக் கள ஆய்வின் முடிவைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தீவு மக்களின் முதன்மையான, உடனடித் தேவை நிலம் என்று கண்டறியப்பட்டிருக்கிறது. அதைப் பெற்றுத் தர இன்னொரு அறக்கட்டளை தொடங்குகிறார்கள்.